அருகிருந்து கற்ற அறிவுக்கும் ஸனது வேண்டும்



நம் வீடுகளில் ஓர் இளைஞனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "என்ன படித்திருக்கிறார்?" என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது. "யாரிடம் தொழில் பழகினார்?" என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவரைத் தனியே அழைத்து, "இன்று நீங்கள் செய்யும் வேலையில் கல்லூரியில் கற்றது எவ்வளவு?" என்று வினவிப் பாருங்கள். சற்றே சிரித்துவிட்டு, தமக்கு முன்பே அங்கு இருந்த ஒருவரின் பெயரைச் சொல்வார். "அவர்தாம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்" என்பார்.

வகுப்பறைக்கு வெளியே பார்த்தும் கேட்டும் செய்தும் பெறும் இவ்வறிவுதான் துறைமுகம் முதல் துணிக்கடை வரை எல்லாப் பணியிடங்களையும் நடத்திச் செல்கிறது. குறைந்த பாடுபட்டு நிறைந்த பலன் காணும் நுட்பங்கள் பெரும்பாலும் இவ்வழியேதான் கைமாறுகின்றன. ஆயினும் இதற்கு ஏடில்லை; சாட்சியில்லை; ஸனதும் இல்லை. அதனால் இழப்பு அடைவோர் பட்டம் பெற்றோர் அல்லர். பட்டம் இல்லாமல், கைத்திறன் ஒன்றையே சொத்தாகக் கொண்ட எளிய குடும்பத்தினரே. ஆகவே இவ்வறிவை வெட்கமின்றித் தேடவும், கஞ்சத்தனமின்றிக் கொடுக்கவும், சாட்சியத்தோடு பதிந்து வைக்கவும் நம் ஜமாஅத்துகள் முன்வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

காட்டுப்பள்ளியில் இரண்டு பள்ளிகள்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணல்நிலம் காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் வலையும் படகும் தவிர வேறு தொழிலுக்கு அங்கே அதிக இடமிருந்ததில்லை. 2010ஆம் ஆண்டில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை அங்கே திறக்கப்பட்டது. எல் அண்ட் டி நிறுவனம் கப்பல் கட்டும் தளத்தோடு துறைமுகமும் அமைத்தது. 2013இல் அத்துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. துறைமுகத்தை மேலும் விரிவாக்கும் திட்டத்தை ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மீனவ மக்கள் எதிர்த்து வருகின்றனர். அவ்வழக்கின் நியாயம் தனிக் கட்டுரைக்கு உரியது. அதனை இரண்டு வரிகளில் சொல்லி முடிப்பது அம்மக்களுக்குச் செய்யும் நீதியாகாது. இங்கே நாம் பார்க்க வேண்டியது, அந்த நிலத்தில் இன்று அருகருகே நிற்கும் இருவகைக் கல்வியை.

முதலாவது ஏரியின் கல்வி. தந்தையின் படகில் ஏறும் சிறுவனுக்கு எவரும் பாடம் எடுப்பதில்லை. முதலில் படகில் சேரும் நீரை இறைக்கிறான். பிறகு வலையைப் பிரித்து உலர்த்துகிறான். அதன்பின் கோல் ஊன்றுகிறான். இதற்கிடையே நீரின் நிறம், காற்றின் போக்கு, பறவைகள் இறங்கும் இடம் ஆகியவை அவன் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் உள்ள வேறுபாடு அவன் தோலுக்கே தெரிந்துவிடுகிறது. முகத்துவாரம் திறந்திருக்கும்போது இறால் எப்பக்கம் வரும், மணல் தூர்ந்து அடைபட்டால் ஏரி என்னவாகும் என்பதை அவன் மனப்பாடம் செய்வதில்லை, வாழ்ந்து அறிகிறான். பழவேற்காட்டு மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில் வலையிடும் உரிமை இன்னாருக்கு இன்ன நாளில் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எல்லோருக்கும் போதாத நீரைச் சண்டையின்றிப் பங்கிடும் இந்நுண்ணறிவு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாகக் கூடி அமர்ந்து பேசியதில் விளைந்தது.

இரண்டாவது துறைமுகத்தின் கல்வி. கண்டெய்னர்கள் அடுக்கிய முற்றத்தில் புதிதாகச் சேரும் இளைஞனிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து எண்களைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் நின்று எழுதுகிறான். ஓர் இலக்கம் பிழைபடுகிறது. பெட்டியைத் தேடி ஒரு மணி நேரம் வீணாகிறது. பல ஆண்டுகள் அங்கே உழைத்த மூத்தவர் ஒருவர் அருகில் வந்து பெட்டியின் மேல் விரல் வைத்துக் காட்டுகிறார்: "முதலில் நான்கு எழுத்து. பிறகு ஆறு இலக்கம். கடைசியில் கட்டம் போட்டு ஒற்றை இலக்கம் ஒன்று தனியாக நிற்கிறதா? அது வெறும் எண் அல்ல தம்பி, முன்னால் உள்ள பத்துக்கும் சாட்சி. அந்தப் பத்தையும் கணக்குப் போட்டால் இந்த இலக்கம் வரவேண்டும். அதையும் சேர்த்து எழுதினால் நீ எங்கே தவறு செய்தாலும் கணினி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்." உலகெங்கும் கண்டெய்னர்களுக்கு வகுக்கப்பட்ட பொது விதி இது. விதி ஏட்டில் இருக்கிறது. ஆனால் அவ்விளைஞனை அது வந்தடைந்தது ஒரு மனிதரின் விரல் வழியாகத்தான். அன்று முதல் அவன் கூடுதலாக ஓடுவதில்லை; வேலையோ விரைந்து முடிகிறது. மதியுடன் உழைத்தல் என்று மேடைகளில் பேசப்படுவது நடைமுறையில் இவ்வளவு எளிமையானது.

இவ்விரு கல்விகளுக்கும் பொதுவான துயரம் ஒன்றுண்டு. ஏரியை அக்கறையோடு படித்தவன் துறைமுக வாயிலில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கும்போது, பதிவேட்டில் 'திறன் சாராதவர்' என்றே எழுதப்படுகிறான். முற்றத்தில் ஐந்தாண்டு பழகிப் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்த பின்னும் அந்தச் சொல் மாறாமல் இருக்கக் கூடும். நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலியே திறன் சாராதோர், ஓரளவு திறனுடையோர், திறனுடையோர் என்று படிவைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே பதியப்படாத அறிவு என்பது மானப் பிரச்சினை மட்டுமன்று. மாதந்தோறும் வீட்டுக்கு வரவேண்டிய பணத்தின் பிரச்சினையும் ஆகும்.

ஆய்வாளர்கள் கண்டது

இதனைப் பல்கலைக்கழகத்தாரும் தாமதமாகவேனும் உணர்ந்துள்ளனர். 1970களில் ஜீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அங்கே தொழில் பழக வரும் சிறுவன் முதலில் துணி வெட்டுவதில்லை. முடிந்த ஆடைக்குப் பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும் அவனது தொடக்கப் பாடம். அதன்பின் தைத்தல், இறுதியில்தான் கத்தரிக்கோல். பொத்தானில் தவறினால் பிரித்துத் தைக்கலாம்; வெட்டியதில் தவறினால் துணியே போய்விடும். இழப்புக் குறைந்த இடத்தில் தொடங்கி இழப்பு மிகுந்த இடத்தில் முடிக்கும் இப்பாடத்திட்டத்தை எந்தக் குழுவும் கூடி வகுக்கவில்லை. நம் ஊர்த் தையற்கடைகளில் 'காஜாப் பையன்' என்று அழைக்கப்படும் சிறுவனைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. லேவ் அம்மையார் எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட நூல், கற்றல் என்பது ஒரு தொழிற்கூட்டத்தின் ஓரத்தில் நுழைந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதே என்னும் கருத்தை உலகின் முன் வைத்தது.

இன்னொரு சான்று நகலெடுக்கும் இயந்திரங்களைச் செய்த ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே பழுதுபார்ப்போரோடு சுற்றிய ஜூலியன் ஓர் என்னும் ஆய்வாளர், அவர்கள் கையேட்டை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை என்பதைக் கண்டார். காலை உணவின்போதும் தேநீரின்போதும், "நேற்று ஓர் இயந்திரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே அடுத்த பழுதுக்கு வழி கண்டுகொள்வார்கள். மேலாளரின் கண்ணுக்கு வீண்பேச்சாகத் தெரிந்ததே உண்மையில் அவர்களின் பயிற்சி வகுப்பாக இருந்தது. பின்னர் 1990களில் அந்நிறுவனம் இக்குறிப்புகளைத் தொகுத்து வைக்க ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு குறிப்போடும் அதைச் சொன்னவரின் பெயர் இடம்பெற்றது; தொழில் தெரிந்த சகாக்கள் சரிபார்த்த பிறகே அது ஏற்கப்பட்டது.

சொன்னவர் பெயர், சரிபார்த்தவர் ஒப்புதல், அதன்பின் ஏற்பு. மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்ற எவருக்கும் இவ்வரிசை அறிமுகமானதுதான்.

மாலுமியும் முஅல்லிமும்

கப்பலைச் செலுத்துபவரைத் தமிழில் மாலுமி என்கிறோம். இச்சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுக்கும் எங்களையும் அச்சொல்லாலேயே அழைக்கிறார்கள். அரபுக் கடலோடிகள் கப்பலின் வழிகாட்டியை ஆசிரியர் என்று அழைத்தார்கள். ஏனெனில் கடலில் வழியறிந்தவரே கற்பிக்கத் தகுதியுடையவர். பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், தம் தந்தையும் பாட்டனாரும் நடத்திய கலங்களின் வழியே அக்கலையைப் பெற்றவர். பின்னர் தாம் அறிந்ததை 'கிதாபுல் ஃபவாயித்' முதலிய நூல்களில் எழுதி வைத்தார். கையால் கற்றதை ஏட்டில் சேர்த்தமையால் இன்றும் உலகம் அவரை அறிகிறது. அவரோடு கடலோடிய எத்தனையோ முஅல்லிம்களின் அறிவு அவர்களோடே மறைந்தது.

பழவேற்காட்டின் பழைய பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. கல்லின்மேல் விழும் நிழலைப் பார்த்து நேரம் சொல்வதையும் ஒருவர் அருகில் நின்று மற்றொருவருக்குக் காட்டியிருக்க வேண்டும். அக்கல் இன்றும் நிற்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடினால்தான் அருகிருந்து கற்றலின் அருமை விளங்கும்.

நபித்தோழர்களின் வாழ்விலும் இதற்குத் தெளிவான முன்மாதிரிகள் உள்ளன. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தபோது, அன்ஸாரியான அண்டைவீட்டார் ஒருவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் இவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்குச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று கேட்டதையெல்லாம் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். புகாரி ஷரீஃபின் கல்வி பற்றிய பகுதியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இருவருக்கும் பிழைப்பு இருந்தது, கல்வியும் வேண்டியிருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமல், நாளைப் பங்கிட்டு இரண்டையும் காத்துக்கொண்டார்கள். ஷிப்டு முறையில் உழைக்கும் இன்றைய தொழிலாளருக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் எது?

ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டில் மதீனாவைப் பெரும்படை சூழ்ந்தபோது, அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி). அரபுகள் அதுவரை பழகாத முறை அது. "புதிதாக வந்தவர் நமக்குச் சொல்வதா?" என்று அங்கே எவரும் முகம் சுளிக்கவில்லை. தலைவரான நபிகள் நாயகமே மண் சுமந்தார்கள். மற்றொரு சமயம், பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வழக்கம் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் தம் எண்ணம் ஒன்றைச் சொல்ல, மக்கள் அவ்வழக்கத்தை விட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகத் தொழில் நுணுக்கங்களை அத்தொழில் செய்வோரே நன்கறிவர் என்னும் கருத்தை அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். கையால் கற்ற அறிவுக்கு இதனினும் உயர்ந்த மரியாதையை எந்த மேலாண்மைப் பள்ளியும் அளித்ததில்லை.

தடைகள் மூன்று

இத்தகைய மரபுடைய நம்மிடையே இவ்வறிவு ஏன் தேங்குகிறது?

முதல் தடை வெட்கம். "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என அஞ்சி, தெரிந்ததுபோல் தலையாட்டும் பழக்கம் பட்டதாரிகளிடமே அதிகம் உண்டு. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினையுங்கள். வேதம் அருளப்பட்ட இறைத்தூதர், தாம் அறியாத ஒன்றை அறிந்த ஓர் அடியாரைத் தேடி, இரு கடல்கள் கூடும் இடத்துக்கு நெடும்பயணம் போனார்கள். அங்கே கற்ற பாடங்களுள் ஒன்று, கடலில் உழைத்துப் பிழைத்த ஏழைகளின் படகு பற்றியது. ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தில் வாழ்வோருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. இறைத்தூதருக்கு இழிவாகாத மாணவநிலை நமக்கு இழிவாகுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், வெட்கம் தடுத்துவிடாமல் மார்க்க விளக்கம் கேட்டறிந்த அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டியுள்ளார்கள்.

கேட்பதிலும் ஒழுங்கு வேண்டும். மூத்தவரின் கை வேலையில் இருக்கும்போது குறுக்கிடாதிருத்தல், ஒருமுறை சொன்னதைக் குறித்துக்கொள்ளுதல், முதலில் தானே முயன்று "இதுவரை செய்தேன், இங்கே நின்றுவிட்டேன்" என்று காட்டுதல் ஆகிய மூன்றும் இருந்தால், எரிச்சல் மிக்க மேற்பார்வையாளரும் சொல்லிக்கொடுப்பார்.

இரண்டாம் தடை பதுக்கல். "அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் என் இடம் போய்விடும்" என்னும் அச்சம். இதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது அநீதி. ஒப்பந்த வேலையில் நாளை என்ன நடக்கும் என்று தெரியாத ஒருவர், தமக்கிருக்கும் ஒரே பிடிமானமாகத் தம் இரகசியத்தைக் கருதுகிறார். கேட்கப்பட்ட அறிவை மறைப்பதன் கேடு பற்றிய நபிமொழி முதன்மையாக மார்க்க அறிவையே குறிக்கும் என்பது அறிஞர் விளக்கம். ஆயினும் உடன் உழைக்கும் சகோதரரின் கையோ காலோ ஆபத்தில் சிக்கும் என்று தெரிந்தும் வாய்மூடியிருப்பது எந்த விளக்கத்தாலும் நியாயமாகாது. ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ். நம் மௌனத்தால் அது கூடப்போவதில்லை. அதே வேளையில் முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவரை வெளியேற்றிவிட்டு, கற்றவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்தும் கடையில், இனி எவரும் எவருக்கும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். பயிற்றுவித்தவருக்கு ஒரு தொகையோ ஒரு படி உயர்வோ கொடுத்துப் பாருங்கள். பதுக்கல் தானே கரையும்.

மூன்றாம் தடை சாட்சியின்மை. ஓர் ஆலிம் ஏழாண்டு ஓதி முடித்தால் ஸனது பெறுகிறார். அவர் ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று தொடர் நீள்கிறது. பளுதூக்கியின் அடியில் நின்று ஏழாண்டு பழகியவருக்கு அத்தகைய ஏடு எதுவுமில்லை. வேறொரு நிறுவனத்துக்குச் சென்றால் மறுபடியும் முதற்படியில் நிற்கிறார். எடையிலும் அளவையிலும் மக்களுக்கு உரியதைக் குறைப்பதை எதிர்த்து ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரை எச்சரித்தார்கள். ஒருவர் பெற்ற திறனுக்குரிய பெயரையும் கூலியையும் குறைப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே என்பது இந்த எளியவனின் கருத்து.

கேட்டதெல்லாம் கொள்ளத்தக்கதா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. அதற்காக வாய்வழி வந்ததெல்லாம் சத்துள்ள கறியாகிவிடாது. அருகிருந்து கற்றலில் ஒரு பெரும் ஆபத்தும் உண்டு. நல்ல நுட்பம் எப்படிக் கைமாறுகிறதோ அப்படியே தீய பழக்கமும் கைமாறும். "இங்கே யாரும் ஹெல்மெட் போடுவதில்லை", "பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடு", "மீட்டரைக் கொஞ்சம் கூட்டி எழுது" என்பவையும் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவைதாம். குறுக்குவழி வேறு, நுட்பம் வேறு. வேலையின் தரமும் உடனிருப்பவரின் பாதுகாப்பும் குறையாமல் நேரத்தை மிச்சப்படுத்துவது நுட்பம். அவ்விரண்டில் ஒன்றை விற்று நேரத்தை வாங்குவது குறுக்குவழி. அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

நம் முன்னோர் இச்சிக்கலுக்கும் வழி கண்டிருந்தனர். ஹதீஸ் அறிஞர்கள் செய்தியை மட்டும் பார்க்கவில்லை. சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா, அவர் நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று ஆராய்ந்தார்கள். அதே வினாக்களைப் பணியிடத்திலும் எழுப்பலாம். "இதை நீங்களே செய்து பார்த்தீர்களா? யாரிடம் கற்றீர்கள்? தவறினால் என்ன ஆகும்?" இம்மூன்று கேள்விகளுக்கும் தாங்கும் அறிவே கொள்ளத்தக்கது.

கைப்பேசியில் கிடைக்கும் பாடங்களுக்கும் இது பொருந்தும். யூடியூப் காணொளி பார்த்து வெல்டிங் பழகியவரும், எக்செல் கற்றுக் கணக்கெழுதும் பெண்ணும் நம்மிடையே உள்ளனர், அது பாராட்டுக்குரியது. இப்போது செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அதன் விடைக்கு அறிவிப்பாளர் தொடர் இல்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு முகமும் இல்லை. ஆகவே அங்கே கிடைத்ததை, அத்தொழிலில் கை நனைத்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே செயலில் இறங்க வேண்டும். மின்சாரம், உயரம், பளு, இரசாயனம் ஆகிய நான்கிலும் இவ்விதியை மீறவே கூடாது.

ஜமாஅத்துகள் செய்யத் தக்கவை

பெரிய கட்டடமோ பெருநிதியோ இதற்குத் தேவையில்லை. நான்கு செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பின் முக்கால் மணி நேரத் தொழில் அமர்வு. ஒரு வாரம் துறைமுகத்தில் வேலை செய்பவர், ஒரு வாரம் மின் பணியாளர், ஒரு வாரம் வங்கிக் கணக்கு அறிந்தவர் பேசட்டும். சொற்பொழிவு வேண்டாம், "இவ்வாரம் என் வேலையில் வந்த சிக்கல் ஒன்று, அதைத் தீர்த்த விதம்" என்று பேசினால் போதும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோரை இவ்வமர்வில் தவறாமல் அமர்த்துங்கள். ஷிப்டினால் வர இயலாதவருக்கு, உமர் (ரலி) அவர்களின் ஏற்பாட்டின்படி வந்தவர் சொல்லிவிடட்டும். தொழிலில் உடன் நிற்கும் மாற்றுச் சமயச் சகோதரர்களையும் அழையுங்கள். ஏரியில் காற்று வீசும்போது எந்தப் படகையும் அது பெயர் கேட்டுப் புரட்டுவதில்லை; அவர்களின் அறிவு நமக்கும் நம் அறிவு அவர்களுக்கும் தேவை.

இரண்டாவது, ஒரு பதிவேடு. அமர்வில் சொல்லப்பட்ட நுட்பம், சொன்னவர் பெயர், அதைச் செய்து பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஏரியில் நெடுங்காலம் உழைத்த முதியோரிடம் சென்று, காற்று, நீரோட்டம், மீன் பருவம் பற்றி அவர்கள் அறிந்ததை அவர்கள் சொற்களிலேயே குறித்து வாருங்கள். மக்தபின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள விடுமுறைப் பணி இல்லை.

மூன்றாவது, ஸனது. 2015இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்தில், முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஒரு பிரிவு உண்டு. புதிதாக நெடுங்காலம் படிக்க வேண்டியதில்லை. கையில் உள்ள திறனை நிரூபித்தால் போதும். எந்தத் தொழிலுக்கு, எந்த மையத்தில், எப்போது தேர்வு என்பது மாறிக்கொண்டிருக்கும். ஆகவே ஜமாஅத்தின் சார்பில் ஒருவர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்து அறிவிக்கட்டும். அதோடு, வேலையை விட்டு வரும்போது பணி அனுபவச் சான்றை எழுத்தில் கேட்டுப் பெறும் பழக்கம் வரவேண்டும். கூலிச்சீட்டு, பயிற்சி பெற்ற நாள், இயக்கிய இயந்திரத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருப்பவரை எந்த நேர்காணலிலும் எளிதில் புறக்கணிக்க இயலாது.

நான்காவது, பெண்கள். பழவேற்காட்டில் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் பெண்களில் நம் சமூகத்தாரும் உள்ளனர். தாயின் விரலைப் பார்த்து மகள் கற்ற கலை அது. அதற்கு விலை வைக்கவும், படம் எடுத்து விற்கவும், கணக்கு எழுதவும் கற்றுக்கொடுக்க வீட்டிலிருக்கும் கல்லூரி மாணவியே போதும். அவள் தாயிடம் முடைவதைக் கற்கட்டும். தாய் அவளிடம் விற்பதைக் கற்கட்டும். பெண்களுக்கெனத் தனி அமர்வு அமைப்பதில் எந்தத் தடையும் இல்லை. அமைக்காமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது இயல்பு. அதனோடு, "அங்கே உனக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்?" என்றும் கேளுங்கள். பெயர் ஒன்றைச் சொன்னால், அவருக்காக துஆச் செய்யுங்கள். இயன்றால் பெருநாளன்று வீட்டுக்கு அழைத்து உணவளியுங்கள். எவரும் இல்லை என்றால், அந்த வேலையில் பிள்ளை நிலைப்பது கடினம் என்று உணர்ந்து, அத்தொழில் தெரிந்த ஒருவரை நம் சமூகத்திலோ அண்டை ஊரிலோ தேடி அறிமுகம் செய்து வையுங்கள்.

நம் பிள்ளைகள் ஏரியை விட்டுத் துறைமுகத்துக்கும், துறைமுகத்தை விட்டுக் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுகொண்டே இருப்பார்கள். செல்லுமிடமெல்லாம் அவர்கள் நல்ல மாணவர்களாகவும், தங்கியிருக்கும் காலத்தில் நல்ல முஅல்லிம்களாகவும் விளங்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. பயனுள்ள அறிவையும், தூய ரிஸ்க்கையும், ஏற்கப்படும் உழைப்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.